குவாரிச் சுவர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனை எடுத்தால் அக்கா திட்டுவாள் என்று எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷம் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் கிடந்தவன், ஓய்வு பெற்றதும் நிம்மதியாக உட்காருவாய் என்று பார்த்தால், கைவிட்ட குவாரிக்குள் இறங்கிச் சரளை சலித்துக்கொண்டிருக்கிறாயாம். மழையில் ஊறிய மண்சுவர் எப்போது சரியும் என்று யார் கண்டது? தனியாகப் போகாதே.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்பட ஒன்றுமில்லை. சரளையைச் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் ஆட்டினால், ரத்தினக் கல் மாதிரிக் கனமானதெல்லாம் நடுவில் வந்து உட்காரும். அப்படியே கவிழ்த்துப் பார்ப்பேன். நேற்று மிளகளவில் ஒரு சிவப்புக் கல்! வெயிலில் பிடித்தால் உள்ளே நெருப்புப் பொறி. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு பகல் பொழுது நகர்வதே இதனால்தான். சுவரில் லேசான விரிசல், அவ்வளவுதான். நச்சரிக்காதே.

தம்பி

மார்ச் 15

தம்பி,

விரிசலா? அதை இவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறாயே! படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வானம் மூடினாலே உன் நம்பரைப் போட்டுப் பார்க்கிறேன். "அவன் என்ன சின்னப் பிள்ளையா?" என்கிறார் இவர். எனக்குச் சின்னப் பிள்ளைதான். இனி அங்கே போகவில்லை என்று ஒரே ஒரு வரி எழுது, போதும்.

அக்கா

மார்ச் 27

தம்பி,

இங்கே நான்கு நாளாக மழை. அங்கேயும் கொட்டுகிறதாம். உன் போன் அணைந்தே கிடக்கிறது. கோபமென்றால் கோபம் என்றாவது எழுதேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள். போன மாசம் பதினாறாம் தேதியே சுவர் சரிந்துவிட்டது. இடுப்புவரை மண்ணுக்குள் மாட்டிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் கத்தியிருப்பேன். ரோட்டில் டயர் மாற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் காதில் விழுந்து, ஓடி வந்து வெறுங்கையால் தோண்டினார்.

"வீட்டுல யாருக்குங்க சொல்லணும்?" என்று கேட்டார்.

"யாருமில்லப்பா" என்றேன்.

வலது கால் முறிந்துவிட்டது. நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். கதவடியில் உன் இரண்டு கடிதங்களும் கிடந்தன. படித்த பிறகுதான், என்ன வார்த்தை சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

தம்பி

ஏப்ரல் 5

தம்பி,

உன் கடிதத்தை இவரிடம் நீட்டினேன். படித்துவிட்டுப் பரண்மேல் ஏறிப் பெட்டியை இறக்கினார். ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறோம். கதவைத் தாழ் போடாதே, காலை ஊன்றி எழுந்து வரவும் வேண்டாம். வந்ததும் முதலில் வாய் வலிக்கத் திட்டுவேன். அழுகையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த டிரைவரின் நம்பர் இருந்தால் அதற்குள் கூப்பிட்டுப் பேசிவிடு. உனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று உன் வாயாலேயே சொல்.

அக்கா