பரீட்சையில் தவறிய கவிஞனும் என் மகளும்

அக்கா,

இன்று காலை கதவடியில் மகளின் முதுகுப்பை நின்றது. புதுத்துணி மணம் இன்னும் போகவில்லை. அதைத் தாண்டித் தேநீர் போடப் போனபோது நீங்கள் சொன்ன பழைய சீனக் கவிஞன் நினைவுக்கு வந்தான்.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தோம். பின்னம் விளங்காத பிள்ளைக்கு நான் தோசை வரைந்து பங்குபோட்டுக் காட்டுவேன். நீங்களோ எதற்கும் பழைய சீனாவில் உதாரணம் தேடுவீர்கள். மலேசியாவில் சிறுவயதில் சீனப் பள்ளியில் படித்த பழக்கம்.

போன வருடம் மகள் கணக்காளர் பரீட்சையில் இரண்டாம் தரமும் தவறி, வேலையையும் விட்டு, ஒரு வருடம் நாடு நாடாகச் சுற்றப்போவதாகச் சொன்னாள். "நீங்க ஓம் எண்டாத்தான் போவன், அம்மா." ஆம் என்கிற அந்த ஒரு சொல் என் வாயில் வரவில்லை. நகரின் மறுகோடியில், கிங்ஸ்பரியில் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னீர்கள்: "நம்ம சீனக் கவிஞனும் பரீட்சையிலே பெயில்தான் லா. அதுக்கு முந்தியே தெற்குப் பக்கம் படகிலே சுத்தினவன். பெயிலானதும் மூலையிலே உக்காரலே. குதிரை ஏறினான், வேட்டைக்குப் போனான், மலை மலையாப் பார்த்தான்."

"காசு ஆர் குடுத்தது?"

"அவங்க அப்பாதான். அவன் மலை பார்த்த பக்கத்திலே சின்ன அதிகாரி."

"சண்டைக்குள்ளை நாங்கள் அலைஞ்சது காணாதோ, அக்கா?"

"உன்னைத் துரத்துனாங்க. அவ ஆசைப்பட்டுப் போறா. ரெண்டும் ஒண்ணா?"

எனக்குக் கோபம். "அந்தப் பொடியன்ரை தாய் என்ன சொன்னவா?"

"அவன் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. நீ இருக்கே இல்லே? உங்க ஊர் ஓமைச் சொல்லிட்டுப் போயேன்."

அன்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தக் குளிர்காலத்திலேயே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். உங்களை வழியனுப்பிவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்தில் இருந்த மகளிடம் ஓம் என்றேன். அவள் என் தோளில் தலையை வைத்தாள். எங்கள் வீடிருக்கும் மனோர் பார்க் வரும்வரை அதை எடுக்கவில்லை.

இன்று ஸ்டேஷன் வாசலில், எப்போது திரும்புவாய் என்று கேட்கத்தான் வாய் உன்னியது. "முதல் எங்கை போறாய்?" என்று கேட்டேன். போனில் ஒரு மலையைக் காட்டினாள். பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. வகுப்பில் நான் செய்வதுபோலவே, துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லித் தந்தாள். மூன்றாம் தரம் சரியாகச் சொன்னபோது சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா.