பல்லி சொல்லி நின்ற பயணம்

இன்று தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரின் சட்டையிலிருந்து அந்த வாடை வந்தது. அழுகின பழமும் சாராயமும் சேர்ந்தது போல ஒரு நெடி; உங்கள் ஆஸ்பத்திரியின் தூக்க மருந்து. அவரும் உங்களைப் போலப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் டிரெசராக இருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஜாலான் புசார் வரைக்கும் போய்விட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். "மறதி எண்டு ஒண்டில்லை. உனக்கு இறங்க மனமில்லை" என்பீர்கள். சரி, மனமில்லைதான். பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தபோது உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. செத்தவரோடு சண்டை பிடிப்பதில் ஒரு சுகமும் இல்லை, பதில் வராது.

கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து உங்களோடு கப்பலேறி வந்த புதிதில், அந்த வாடை எனக்குக் குமட்டும். நீங்கள் குழாயடியில் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. பிறகு அது வந்தால்தான் நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று ஆகிவிட்டது.

புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டர் உங்களுக்கு மனதை ஆராயும் அந்த ஐரோப்பிய வித்தையைச் சொல்லத் தொடங்கிய பிறகு வீட்டில் என் பாடு திண்டாட்டம். மனிதனுக்குள்ளே ஒரு ஆள் இல்லை, மூன்று பேர் இருக்கிறார்களாம். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு விளக்கினீர்கள்: "ஒருத்தன் அது வேணும் இது வேணும் எண்டு கேக்கிறான். இன்னொருத்தன் அதட்டுறான். நடுவில நிக்கிறவன் ரெண்டு பேருக்கும் பதில் சொல்லி முழி பிதுங்குறான்."

"இதைச் சொல்ல ஐரோப்பாவிலயிருந்து ஆள் வரவேணுமோ? இந்த வீட்டில மகன் கேக்கிறான், நீங்கள் அதட்டுறியள், நான் முழி பிதுங்குறன்" என்றேன். அன்று நீங்கள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டுப் பால்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. குழம்பில் உப்புக் கூடினால் எனக்கு உங்கள் மேல் உள்ளே கோபம். மகன் பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டை விட்டுவிட்டுப் போனால் அவனுக்கு வாத்தியாரைப் பிடிக்கவில்லை. கேலியாகத்தான் சொல்வீர்கள், ஆனால் பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். அதுதான் எரிச்சல். சகுனம் பார்க்கிறவர்களைக் கண்டால் உங்களுக்கு இன்னும் கொண்டாட்டம். தும்மினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற பால்கார அம்மாவை வாசலில் மறித்து வைத்து வம்பிழுப்பீர்கள்.

அந்த நாளில்தான் ஊரிலிருந்து வந்த உங்கள் ஒன்றுவிட்ட அண்ணர் வந்து, தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "உன்ரை அம்மா இப்ப ஒருத்தரையும் மட்டுக்கட்டுறா இல்லைத் தம்பி. பக்கத்தில இருந்து பாக்கிற தங்கச்சியையே ஆரெண்டு கேக்கிறா. ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டு வா." நீங்கள் "ஓம், வாறன்" என்றீர்கள். லீவு கேட்டீர்கள், அதுவும் கிடைத்தது. கப்பலுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று.

பயண நாளன்று பெட்டி கட்டி வாசலில் இருந்தது. ரிக்‌ஷாவும் வந்து நின்றது. நீங்கள் கோட்டுப் போட்டு, விபூதி பூசி, ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்தீர்கள். நிலைக்கு மேலே பல்லி சொல்லியது.

காலை உள்ளே எடுத்துக்கொண்டீர்கள். "பல்லி சொல்லிட்டுது. இண்டைக்கு வேண்டாம்."

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீங்கள் கோட்டைக் கழற்றினீர்கள். ரிக்‌ஷாக்காரர் போவதா இல்லையா என்று மலாயில் கத்துகிறார். பால்கார அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. "பல்லி சொன்னா சரியாத்தாங்க இருக்கும். அடுத்த கப்பல்ல போங்க லா. இப்பவாவது சாருக்கு நம்பிக்கை வந்துச்சே!"

அடுத்த கப்பலுக்கும் சீட்டு எடுத்தீர்கள். அந்தமுறை தஞ்சோங் பகார் துறைமுகம் வரைக்கும் போய், சீட்டை ஆஸ்பத்திரி மேசையில் விட்டுவிட்டேன் என்று திரும்பி வந்தீர்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பது சும்மா வந்த சொல் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன்.

"பல்லி நாள் முழுக்கத்தான் கத்துது. இவ்வளவு காலமும் கேக்காத சத்தம் உங்களுக்கு அண்டைக்கு மட்டும் ஏன் கேட்டது? மறதி எண்டு ஒண்டில்லை எண்டு சொன்ன வாய் எது?"

அதட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தீர்கள், திரும்பக் கட்டினீர்கள், திரும்ப அவிழ்த்தீர்கள். பிறகு உங்கள் வார்டில் இருக்கும் ஒரு துறைமுகத் தொழிலாளியைப் பற்றிச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனைப் பார்க்கத் தம்பி வருகிறான். "நீ யாருப்பா?" என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் கேட்கிறான். தம்பி வெளியே வந்து சுவரைப் பார்த்து நிற்பான். நோய்தானே, மனதில் வைக்காதே என்று அவனுக்குத் தேறுதல் சொல்லி அனுப்புவது உங்கள் வேலை.

"எனக்கு ஆர் சொல்லுறது?" என்றீர்கள். "அம்மா என்னைப் பாத்து ஆர் நீ எண்டு கேட்டால், நான் என்னண்டு தாங்கிறது? போகாமல் இருந்தால் அவவுக்கு நான் மகன்தானே."

அவ்வளவு படித்த மனிதர் குழந்தை மாதிரி அழுததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நான் வாதாடவில்லை. அவவுக்குத் தெரியாவிட்டால் என்ன, உங்களுக்குத் தெரியும்தானே என்று மட்டும் சொன்னேன். அடுத்த கப்பலில் நானும் கூட வருவதென்று முடிவாயிற்று. அந்தக் கப்பல் வருவதற்கு முன்னால் தந்தி வந்துவிட்டது.

குழாயடியில் தலை முழுகினீர்கள். செய்ய வேண்டியதைச் செய்தீர்கள். அதற்குப் பிறகு வீட்டில் அந்த மூன்று பேரின் கதையை எடுக்கவே இல்லை. ஒரே ஒருநாள், கேட்காமலே சொன்னீர்கள்: "எவ்வளவு படிச்சாலும் உள்ளுக்கை ஒரு படிக்காதவன் இருக்கிறான். சாவி அவன்ரை கையில." மகன் சிலேட்டை மறந்தால் நீங்களே பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். உப்பைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்தப் பழைய வம்புக்காரர்தான் வேண்டியிருந்தார்.

பிறகு வருடங்கள் போயின. மகனும் வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கினான். போன மழைக்காலத்தில் உங்கள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலாக ஏறியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மகனை வெளியே கூப்பிட்டார். எனக்கு விளங்கிவிட்டது. மத்தியானம் கஞ்சியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தீர்கள். பயந்த பார்வை.

"அம்மா, என்னைத் தெரியுதோ?"

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன். நான் உங்கள் மனைவி, என்னைப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் நீங்கள் தெளிந்தும் இருக்கலாம். ஆனால் உங்கள் கண்ணைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

"தெரியாமல் என்ன, ராசா? வந்திட்டியே?" என்றேன். நான் ஒரு தரமும் கேட்டறியாத உங்கள் அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் குரலில்தான் சொன்னேன்.

உங்கள் முகம் அவிழ்ந்தது. "வந்திட்டன் அம்மா" என்றீர்கள். நிறையப் பேசினீர்கள், பாதி விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னேன். கடைசியில் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போயிட்டு வாறன் அம்மா" என்றீர்கள். "போயிட்டு வா, ராசா" என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை.

பெரிய காரியம் செய்தாய் என்று மகன் சொல்கிறான். எனக்கும் அது தெரியும். இன்னொரு தரம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் களைத்துப்போய் உட்காரும்போதெல்லாம் ஒரு வயிற்றெரிச்சல் எழும்பி வருகிறது, அதை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் உங்களுக்கே எழுதுகிறேன். உங்கள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனீர்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டீர்கள்.