நீ மட்டும் பார்த்த காட்சி

மாப்ள,

போன வாரம் கீழவாஞ்சூருக்கு வேலைக்குப் போகும்போது, உன் ஊர்க் கடைத்தெரு தாண்டி ஒரு சுவரில் நம்மாளைப் பார்த்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். துறைமுகத்து நிலக்கரி லாரிகள் கிளப்பிய கரித்தூள் போஸ்டர் முழுக்கப் படிந்திருந்தும் அந்தக் கண் தெரிந்தது. தலையில் துண்டு, கையில் பெரிய கரண்டி. கல்யாணச் சமையல்காரராக நடித்தாரே, அந்தப் படம்தான். பழைய பிலிமைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். நம் காரைக்காலுக்கும் வந்துவிட்டது. கீழே சின்ன எழுத்தில் 'வெட்டுப்படாத முழுப் படம்' என்று போட்டிருந்தது.

அதை இரண்டு தடவை படித்தேன். முழுப் படம் என்றால் நீ சொன்ன காட்சி அதில் இருந்தாக வேண்டும். இதிலும் இல்லையென்றால் அப்படி ஒரு காட்சி எங்குமே இல்லை என்று முடிவாகிவிடும். நீ கண்ணை மூடிய பிறகு உன்னைக் கேலி செய்ய யாரும் இல்லை. இருந்தாலும் பயமாக இருந்தது.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நமக்கு அவர் 'நம்மாளு'தான். ஊரில் எல்லோரும் அவர் வசனம் பேசுவதைக் கேட்கப் போவார்கள். நீ மட்டும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். "அவரு பேசுறப்ப எவன் வேணாலும் பாப்பான். மத்தவன் பேசுறப்ப அவரப் பாரு மாப்ள" என்பாய். குமாஸ்தாவாக நடித்த படத்தில் முதலாளி அவரை வேலையை விட்டு நீக்குவதாகச் சொல்லும்போது, நமக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரியும். முகம் கிடையாது. தோள் மெல்ல ஒரு பக்கம் இறங்கும், சுமந்து வந்த மூட்டையை வைத்துவிட்டவன் மாதிரி. நீ என் தொடையைக் கிள்ளினாய். "முதுகுல நடிக்கிறாருடா" என்றாய், மூச்சு விடாமல்.

கொடுமைக்கார மிராசுதாராக வந்த படமும் நினைவிருக்கிறது. மகள் வீட்டை விட்டுப் போகும்போது வாசல்வரை வந்து கத்துவார். தியேட்டரில் அவரைத் திட்டாதவர்கள் இல்லை. அவள் தெருமுனையில் மறைந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் கழற்றிப் போட்ட செருப்பைக் குனிந்து எடுத்து நேராக வைப்பார். அவ்வளவுதான். திட்டிக்கொண்டிருந்த சனம் கப்பென்று அடங்கிவிட்டது. வெளியே வந்து டீ குடிக்கும்போது நீ, "அந்தாளு அழுதிருந்தா நாம அழுதிருக்க மாட்டோம்" என்றாய். நான் இன்றுவரை ஒரு நடிப்பை நல்லதா என்று பார்ப்பது அந்தக் கணக்கில்தான்.

பிறகு நீ அரபு நாட்டுக்குப் போனாய். நான் இங்கே துறைமுக ஆபீசில் சேர்ந்தேன்.

அங்கே இருந்தபோதுதான் உன் உம்மா மவுத்தானார்கள். சேதி கம்பெனிக்குப் போன் வழியாக வந்தது. லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அடக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. இங்கே உம்மாவின் ஜனாஸாவைத் தூக்கிப் போனவர்களோடு நான் நடந்தேன், உன் இடத்தில் நடப்பதாக நினைத்துக்கொண்டு. நீ அங்கே மறுநாளும் வேலைக்குப் போயிருக்கிறாய். அழவில்லை என்று பிறகு சொன்னாய். அழ வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ரூமில் இருந்த ஊர்க்காரர்கள், உன் மனசைத் திருப்ப ஒரு வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். சமையல்காரர் படம்.

நீ ஊருக்கு வந்ததும் என்னிடம் முதலில் சொன்னது அந்தக் காட்சியைத்தான். பெரிய கல்யாண வீடு. கொல்லையில் அடுப்புகள் எரிகின்றன. உள்ளே நாதஸ்வரம் கேட்கிறது. ஒருவன் ஓடி வந்து நம்மாள் காதில் ஏதோ சொல்கிறான். மகன் செத்துப்போன சேதி என்று நமக்குத் தெரியும். அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். சாம்பாரைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறார். மறுபடியும் பார்க்கிறார். பிறகு காய் நறுக்கும் அம்மாவைக் கூப்பிட்டு, "எனக்கு உப்புத் தெரியல. நீ பாத்துச் சொல்லு" என்கிறார். அந்த அம்மா ருசி பார்த்து, "சரியா இருக்குண்ணே" என்கிறாள். "அப்ப பந்தியப் போடச் சொல்லு."

"அதோட சரி மாப்ள. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. ரூம்ல அத்தன ஆம்பளயும் அழுதான். நானும் அழுதேன். உம்மாவுக்காக அன்னைக்கித்தான் அழுதேன்" என்றாய்.

அந்தப் படத்தை நான் இங்கே தியேட்டரில் பார்த்திருந்தேன். அப்படி ஒரு காட்சியே கிடையாது. கல்யாண வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள். அடுத்து, மாலை போட்ட மகன் படத்துக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பார். நீளம் என்று வெட்டியிருப்பார்கள், கேசட்டில் முழுசாக இருந்திருக்கும் என்றாய். டிவியில் படம் போடும்போதெல்லாம் ஊரோடு வந்து நீ போட்ட மிக்ஸி ரிப்பேர் கடையில் கூட்டமே சேர்ந்துவிடும். ஒருதடவையும் அது வரவில்லை. "பாய் எடுத்த படத்துல மட்டும்தான் அந்த சீன் வரும்" என்று சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் சிரிக்கவில்லை. ஆனால் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. தாயை அடக்கம் செய்ய வர முடியாத ஒருவனின் துக்கமே அந்தக் காட்சியைக் கட்டிக்கொண்டதோ என்று. உன்னிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு உனக்கு மறதி வந்தது. முதலில் ஸ்க்ரூ டிரைவரை வைத்த இடம், அப்புறம் வாடிக்கையாளர் பேர், அப்புறம் பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. கடையை மூட வேண்டியதாயிற்று. டாக்டரிடம் போனபோது நானும் கூட இருந்தேன். உன் மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், "ஏதோ படத்துல இல்லாத சீனெல்லாம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றாள். டாக்டர் தலையசைத்தார். அந்தக் காட்சியும் நோயோடு சேர்ந்துவிட்டது. அவள் மேல் தப்பில்லை. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

நீ அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"மாப்ள, அந்த சீன் இருந்துச்சா? நானா கட்டிக்கிட்டேனா?"

"ஏன்டா?"

"அது இல்லன்னா, நான் அன்னைக்கி அழுததும் இல்லன்னுதானே ஆவுது. உம்மாவுக்காக நான் அழவே இல்லன்னு ஆயிடுமே."

நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் நம்மாள் விஷயத்தில் நாம் ஒருநாளும் பொய் பேசியதில்லை. யோசித்துவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"நான் பாக்கலடா. ஆனா இத்தன வருஷமா நீ சொல்றதக் கேட்டுக்கிட்டு இருக்கேன். கட்டுன கதைன்னா நாளைக்கு ஒன்னு மாறும். நீ சொன்னதுல உப்பு ஒருநாளும் புளியா மாறல. அந்த அம்மா 'சரியா இருக்குண்ணே'ன்னுதான் எப்பவும் சொல்லுது. அதனால நீ பாத்துருக்க."

நீ பிடித்திருந்த என் கையை விட்டாய். "அதானே" என்றாய். அன்று ஒழுங்காகச் சாப்பிட்டாய் என்று உன் மகள் போனில் சொன்னாள்.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. என் பேரும் உனக்கு மறந்துபோனது. தூக்கத்திலேயே போய்விட்டாய். நான் சொன்ன சமாதானம் மட்டும் என்னிடம் பாக்கி நின்றது, சரிதானா என்று தெரியாமலே.

போன ஞாயிறு பகல் காட்சிக்குப் போனேன். கோவில்பத்து வீட்டிலிருந்து கிளம்பும்போது, "படம் பாக்கப் போறவரு மாரியா இருக்கு மூஞ்சி" என்றாள் மனைவி. தியேட்டரில் பாதிதான் ஆள். கல்யாண வீடு வந்தது. அடுப்பு மூட்டினார்கள். வழக்கமாக இந்த இடத்தில் படம் தாவும். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

தாவவில்லை, மாப்ள. புகை தொடர்ந்து வந்தது. நாதஸ்வரம் கேட்டது. ஒருவன் ஓடி வந்தான்.

நீ சொன்னபடியேதான். உள்ளங்கை, சாம்பார், மறுபடியும் சாம்பார். "எனக்கு உப்புத் தெரியல." அந்தக் குரலை நீ உள்ளபடி பேசிக் காட்டியிருக்கிறாய். "சரியா இருக்குண்ணே" என்று அந்த அம்மா சொன்னபோது, தலையில் இருந்து எதையோ யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அழுதேன். அந்தச் சமையல்காரருக்காக அழுதேன் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையை நீட்டினார்.

ஒன்றே ஒன்றை நீ சொன்னதில்லை. பந்தியைப் போடச் சொன்ன பிறகு நம்மாள் ஒரு செம்பில் மோர் எடுத்து, சேதி கொண்டு வந்தவன் கையில் கொடுக்கிறார். வசனம் இல்லை. வெயிலில் ஓடி வந்தவன் குடித்து முடிக்கும்வரை நின்று பார்க்கிறார். அவர் செய்ததிலேயே பெரிய நடிப்பு அதுதான் என்பேன். இதை நீ எப்படி விட்டாய் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். கோவில்பத்து வந்து சேர்ந்தபோது பிடிபட்டது. அந்த நேரம் உனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் உன் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். எதுவும் சொல்லவில்லை. "உங்க அத்தாவுக்குப் புடிச்ச படம்மா, வா" என்றேன். அந்தக் காட்சி வந்ததும் அவள் முக்காட்டின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டாள். விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"மாமா, அத்தா சரியாத்தான் சொல்லிருக்காங்க."

"ஆமாம்மா."

"எல்லாம் மறந்துபோச்சு, இது மட்டும் கலையாம இருந்துருக்கு. அப்ப அவங்க எங்கயும் போயிடல மாமா. நம்மகூடத்தான் இருந்துருக்காங்க."

வாசலுக்கு வந்ததும் அரபு நாட்டில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். படத்தின் கதையை முழுக்கச் சொன்னாள், அழுகையும் சிரிப்புமாக. அவள் முகம் இவ்வளவு லேசாகி நான் பார்த்து நாளாகிவிட்டது. எனக்கும் அன்று நல்ல தூக்கம்.

ஆபீசில் இரண்டு பேரிடம் அந்தக் காட்சியைச் சொல்லிவிட்டேன். இன்னும் சொல்வேன். இப்போது நானே பார்த்தவன், அதுவும் இரண்டு முறை. 'என் சிநேகிதன் ஒருத்தன் சொல்வான்' என்று தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் அப்படித்தான் தொடங்குகிறேன்.