எழுத்தாளர் பேச வந்த ஞாயிறு

6-6-43, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. வேலை இல்லை. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து தேதிக்கு அவன் வருஷம் 2603 போடச் சொல்கிறார்கள். போடமாட்டேன். என் நோட்டு.

மத்தியானம் வாசகசாலையில் நாவல் வாசித்தேன். சுங்கை லாலாங் பக்கம் மூன்று ரப்பர் தோட்டங்களுக்கும் ஒரே நாவல், ஒரே பிரதி. மூன்றாகப் பிரித்து, சணலால் தைத்து, வாராவாரம் கைமாற்றுகிறோம். இந்த லயத்து வீடுகளில் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்தி.

எழுதியவர் சுங்கைப்பட்டாணியில்தான் இருக்கிறாராம். அடுத்த ஞாயிறு இங்கே வந்து பேசுகிறார்! பக்கத்து வீட்டு அஞ்சலை, கதாநாயகி வள்ளிக்காக இப்போதே வரிந்து கட்டுகிறாள்: "வரட்டும்லா. வள்ளிய ஏன் அந்தக் குடிகாரனுக்குக் கட்டி வச்சீங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேக்குறேன்."

உப்பு தீர்ந்தது.

9-6, புதன்

கொளுத்தும் வெயில். மரவள்ளிக் காட்டில் களை எடுப்பு. முதுகு போயிற்று.

கூட்டத்துக்கு ஜப்பான்காரனிடம் அனுமதி கேட்டு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி டவுனுக்குப் போனார். கையோடு கிடைத்துவிட்டது. கல்யாணத்துக்கு அனுமதி கேட்டாலே இழுத்தடிப்பவர்கள். ஒரே நிபந்தனை: ஆண்கள் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும். பெண்கள் வராவிட்டாலும் பரவாயில்லை.

கிராணி என்னைத் தனியே கூப்பிட்டார். பாவம், வயசான மனிதர், முகத்தில் ஈயாடவில்லை. "புரியுதாம்மா?"

புரியாமல் என்ன? போன மாதம் வேறொரு தோட்டத்தில் இலவசமாய்ப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்தி, ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போட. ஒருத்தரும் திரும்பவில்லை.

10-6, வியாழன்

கூட்டத்தை நிறுத்தினால் கிராணி தலை போகும். நடத்தினால் ஆண்கள் போவார்கள். கடைசியில் பெண்கள் பேசி முடிவு: கூட்டம் நடக்கும், நாங்கள் உட்காருவோம். ஆண்கள் விடியுமுன் காட்டுக்குள்.

என் வீட்டுக்காரர் முரண்டு. "கதை கேக்குற எடத்துல இருந்து நான் ஏன் ஓடணும்? நான் என்ன திருடனா?"

அகப்பையை விட்டெறிந்தேன். "நீ போய்ட்டா நான் எவன் வாசல்ல போய் நிப்பேன்?" அழுகை வேறு வந்து தொலைத்தது. சரி என்றார்.

13-6, ஞாயிறு

மழை இல்லை.

எழுத்தாளர் சைக்கிளில் வந்தார். முப்பத்தைந்து இருக்கும். கண்ணாடி, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி. "ஆம்பளைங்க யாரையும் காணோமே?" "வேலையாப் போயிருக்காங்க ஐயா" என்றேன்.

நல்ல பேச்சு. அஞ்சலை கேட்டேவிட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "தப்புதாம்மா. வள்ளிக்கு இருந்த தைரியம் எனக்கு இல்ல." எல்லோரும் சிரித்தோம். சிரித்து எத்தனை நாளாயிற்று!

லாரி. நாலைந்து சிப்பாய்கள். அதிகாரி உள்ளே பார்த்தான், எல்லாம் புடவை. கிராணிக்குக் கன்னத்தில் அறை. அப்புறம் எழுத்தாளரைப் பார்த்தான்.

"நான் பேச வந்தவன்" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏற்றிவிட்டார்கள். சைக்கிளையும்.

14-6, திங்கள்

தூறல். காலையில் ஆண்கள் திரும்பினார்கள், ஒருத்தர் குறையாமல். என் வீட்டுக்காரர் உடம்பெல்லாம் அட்டைக்கடி. பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. வெட்கமாக இருக்கிறது.

எழுத்தாளரையும் காட்டுக்குள் அனுப்பியிருக்கலாம். பாதையிலேயே மறித்துச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. படித்த மனிதர், மண்வெட்டி பிடிக்காத கை, அவரை எதற்குப் பிடிக்கப்போகிறான் என்று இருந்துவிட்டோம்.

என் கஞ்சியை அஞ்சலை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

18-6, வெள்ளி

மழை. எழுத்தாளர் மனைவி வந்தார். சுங்கைப்பட்டாணியிலிருந்து நடந்தே. இடுப்பில் குழந்தை.

"லாரி எந்தப் பக்கம் போச்சுக்கா?"

"குரூண் பக்கம்."

"அன்னைக்குச் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரும்மா." பொய். பேச்சு முடிந்ததும் கொடுக்கலாம் என்று அவித்த மரவள்ளியை மூடி வைத்திருந்தோம்.

என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டு உள்ளே வந்தார். அந்த அம்மா எழுந்து நின்று இவரையே பார்த்தார். "அண்ணன் அன்னைக்குக் கூட்டத்துக்கு வரலையா?"

"காய்ச்சல்" என்றேன். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளைக்கா. சாமிதான் காப்பாத்துச்சு."