ஜூனோ மிதிக்காத பருத்தி

மிசிசிப்பி
ஆகஸ்ட் 1933

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

ஹோலிஸ் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

போன வாரம் இங்கே ஒரு வேடிக்கை. பருத்தி விலை ஏறுவதற்காக, காய்த்து நிற்கும் செடிகளில் ஒரு பங்கை உழுது அழித்தால் சர்க்கார் பணம் தருகிறது. முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்கள் கோவேறு கழுதை ஜூனோவை ஏரில் பூட்டினேன். செடியில் கால் படாமல் வரிசைகளுக்கு நடுவே நடந்தே பழகியவள் அவள். செடிமேல் ஏறச் சொன்னதும் நின்றுவிட்டாள். சாட்டைக்கும் அசையவில்லை.

பார்வையிட வந்த அதிகாரி கத்தினார். "என்னய்யா கேடு இதுக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. அவ இன்னும் கையெழுத்துப் போடல," என்றேன். அதிகாரியே சிரித்துவிட்டார்.

நீங்களாக இருந்தால், "என் வேலிக்குள்ள என்ன விளையணும்னு வாஷிங்டன்காரன் சொல்றதா?" என்று துப்பாக்கியோடு நின்றிருப்பீர்கள். எனக்கு வேலியும் இல்லை, நிலமும் இல்லை. கடைசியில் நானே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். சின்ன வயதில் ஒரு செடியை மிதித்ததற்காக எனக்குச் சோறு போடாமல் விட்டீர்களே, அது ஞாபகம் வந்தது. நான் மிதித்தேன். அதைப் பார்த்துத்தான் ஜூனோவும் மிதித்தாள்.

என் சட்டை முதுகில் கிழிந்துவிட்டது. உங்கள் பழைய சட்டை ஒன்றை அம்மாவிடம் அனுப்பச் சொல்லுங்கள். பருத்திக்காட்டில் இருந்துகொண்டு சட்டை கேட்கிறேன், சிரிக்காதீர்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது. ஊரில் யாராவது கேட்டால், ஜூனோ நின்றதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகன்
ஹோலிஸ்