சீசன் முடிந்த தீவு

அத்தாவுக்கு,

ஸலாம். நல்லபடியாக ஏற்காடு வந்து சேர்ந்தேன். நீங்கள் கொடுத்தனுப்பிய சால்வை அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

ரோமில் ஆபீஸ் வேலை முடிந்ததும் சொல்லாமல் மால்டா வந்து நின்றேன். நீங்கள் திடுக்கிட்டதைக் கவனிக்காததுபோல் இருந்துகொண்டேன். தீவு அழகுதான். ஜனவரியில் அந்தக் கடலைப் பார்க்க ஆளே இல்லை. நீங்கள் வேலை பார்க்கும் ஹோட்டலில் நாற்காலிகளை அடுக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். நவம்பரில் மூடினால் மார்ச்சில்தான் திறப்பார்கள் என்றும், அதுவரை நீங்கள் துறைமுகத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்றும் பக்கத்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாமும் சீசனை நம்பிப் பிழைக்கிறவர்கள். ஏரிக்கரைக் கடைக்காரர்கள் யாரும் மே மாதத்தில் நிக்காஹ் வைப்பதில்லை. கூட்டம் வடிந்த பிறகுதான் விருந்து, சொந்தபந்தம் எல்லாம். அதனால்தான் ஆறு வருடமாக நீங்கள் "சீசன் முடியட்டும், வர்றேன்" என்று சொன்னதை அம்மா நம்பினார்.

என் நிக்காஹ்வுக்குத் தேதி குறிக்க வேண்டும் என்று, நான் வந்ததுமே அம்மா கேட்டார்: "அத்தாவுக்கு எப்பத்தான் கண்ணு சீசன் முடியும்?"

"அங்க குளிர்லயும் நொம்பக் கூட்டங்கம்மா. மே மாசமே வெச்சுக்கலாம்."

"கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? சீசன்ல கடையப் போட்டுட்டு யாரு வருவாங்க?"

நான் விடவில்லை. மே மாதமே முடிவாகிவிட்டது. பாதிப் பேர் வரமாட்டார்கள். அவர்களோடு நீங்களும் வராதது தனியாகத் தெரியாது.

அங்கே குளிர் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்