அனுப்பாத பதினொரு வாக்குமூலங்கள்

இன்று காங்கேயம் போகும் பேருந்தில் சன்னலைத் திறந்ததும் கந்தகப் புகை தொண்டையில் இறங்கியது. கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டுக் காயவைக்கும் களங்கள் வந்துவிட்டன. போன வருடம் செய்தி சேகரிக்க என்னோடு இதே வழியில் வந்தபோது நீங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

ஒரு களத்தில் வேலை செய்த பதினொரு பெண்கள், அந்தப் புகையால் தங்களுக்கு நேர்ந்ததை உங்களிடம் மட்டும்தான் சொன்னார்கள். என்னைச் சாலையோரமே நிற்கச் சொல்லிவிட்டார்கள். போனில் பதிவு செய்யவும் விடவில்லை. கேட்டதை நீங்கள் அன்றன்றே கோவைக்குத் திரும்பித் தட்டச்சு செய்தீர்கள்.

எழுதியதன் ஒவ்வொரு திருத்தத்தையும் கணினியில் சேமித்து, நாம் அனுப்பும்போது அலுவலக சர்வரிலும் ஏற்றிவைக்கும் கிட் மென்பொருளை நம் இருவர் கணினியிலும் போட்டவர் நீங்கள்தான். என்னுடையதில் அது அடிக்கடி முரண்டு பிடிக்கும். "செய்தியவிடச் சிக்கல நல்லா உண்டு பண்றீங்கண்ணா" என்பீர்கள். வைத்தியம் எப்போதும் ஒன்றுதான்: "அந்த ஃபோல்டரையே அழிச்சுப்போட்டு மறுக்கா எறக்கிக்குங்க. எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்குதுங்க."

நீங்கள் இறந்து இருபது நாள் கழித்து உங்கள் கணவர் மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தேன். சர்வரில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். அழித்தேன், மறுபடி இறக்கினேன். சிவப்பு எழுத்து போய்விட்டது. பதினொரு வாக்குமூலங்களும் போய்விட்டன.

பெயர்களை மாற்றாமல் சர்வருக்கு அனுப்பினால் அலுவலகம் முழுவதும் படித்துவிடும், அதனால் உங்கள் கணினியிலேயே வைத்திருக்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தீர்கள். அந்த நிமிடம் அது நினைவுக்கு வரவில்லை. என் கணினியில் சர்வருக்கு அனுப்பாத எதுவும் என்றுமே இருந்ததில்லை. அதனால்தான் அங்கே அந்த வைத்தியம் பலித்தது. காந்திபுரத்தில் கணினி பழுது பார்ப்பவர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "பழைய திருத்தமெல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளயேதான் இருந்துச்சுங்க. அதையுஞ் சேத்து அழிச்சுப்போட்டீங்க" என்று திருப்பித் தந்தார்.

முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான். ஒரு தாளைத் தொலைத்ததில்லை.

இன்று ராமாத்தாளைத் தேடிப் போனேன். களத்துப் புகையில் இருமி இருமி இறந்துபோன மகளைப் பற்றி உங்களிடம் சொன்னாரே, அவர்தான். மறுபடி சொல்வாரா என்று கேட்கத்தான் போனேன். உங்கள் சாவு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ற புள்ளையப் பத்தி அந்த அம்மணிகிட்டதானுங்க மொதமொத வாயத் தொறந்தேன். இனி ஒருக்கா என்னால ஆவாதுங்க" என்றார். பிறகு கேட்டார்: "எழுதி வெச்சுட்டுத்தானுங்களே போனாங்க?"

"ஆமாங்க" என்றேன்.

நீங்கள் எழுதித்தான் வைத்திருந்தீர்கள். பொய் சொல்லவில்லை. அவர் நிம்மதியாகத் தலையாட்டி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அந்த ஒரு சொல்லை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.